பெயரா, வினையா? ஆங்கிலம் பயிலும் நம் பிள்ளைகளுக்கு இரண்டு பழைய அளவுகோல்கள்



ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும் பேருந்தில் முன் இருக்கை கிடைத்தவர்கள், எதிரே போகும் லாரிகளின் முதுகில் எழுதப்பட்டுள்ள இரண்டு ஆங்கிலச் சொற்களைக் கண்டிருப்பீர்கள். 'சவுண்ட் ஹாரன்' என்பவையே அவை. இவற்றின் பொருள் என்னவென்று உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். 'ஹாரன் சத்தம்' என்றோ, 'சத்தமான ஹாரன்' என்றோ விடை வரக்கூடும். 'சவுண்ட்' என்றால் ஒலி. ஒலி என்பது பெயர்ச்சொல். ஆகவே லாரியின் பின்னால் இருப்பதும் பெயர்ச்சொல்லே என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் அங்கே 'சவுண்ட்' ஒரு வினைச்சொல். ஹாரனை ஒலிக்கச் செய் என்று பின்னால் வருபவருக்கு இடப்படும் கட்டளை அது.

லாரியின் பின்புறத்தைத் தவறாகப் படிப்பதால் ஒருவருக்கும் நட்டமில்லை. ஆனால் இதே தடுமாற்றம் வேறிடத்தில் நிகழும்போது விளைவு அவ்வளவு எளிதாக இருப்பதில்லை.

என்னிடம் குர்ஆன் ஓதிய மாணவி ஒருத்தி. தந்தையார் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் தறியில் வேலை பார்ப்பவர். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து நல்ல மதிப்பெண் பெற்றுச் செவிலியர் படிப்பில் சேர்ந்தாள். சேர்ந்த சில வாரங்களிலேயே, 'எனக்கு இந்தப் படிப்பு வராது, நின்று விடுகிறேன்' என்று வீட்டில் அழத் தொடங்கினாள். பெற்றோரும் சரி, வரன் பார்த்துவிடலாம் என்று பேச ஆரம்பித்தனர். என்னம்மா சிரமம் என்று அழைத்துக் கேட்டேன். புத்தகத்தைத் திறந்து ஒரு வரியைக் காட்டினாள். 'தி பேஷன்ட் பிரசென்ட்ஸ் வித் ஃபீவர்.' ஒவ்வொரு சொல்லுக்கும் அவளுக்குப் பொருள் தெரியும். பேஷன்ட் என்றால் நோயாளி, பிரசென்ட்ஸ் என்றால் பரிசுகள், ஃபீவர் என்றால் காய்ச்சல். நோயாளி, பரிசுகள், காய்ச்சலுடன்! அவள் அகராதியையும் புரட்டியிருந்தாள். 'அன்பளிப்பு' என்றும் 'வந்திருத்தல்' என்றும் அது சொன்னதே தவிர, அந்த வரி விளங்கவில்லை.

அவளுக்குச் சொல்வளம் குறைவு என்று நான் கருதவில்லை. எது பெயர், எது வினை என்று பிரிக்கும் வழியை யாரும் அவளுக்குக் காட்டவில்லை. அந்த வழியைத்தான் இந்தக் கட்டுரையில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பாடநூல் தரும் இலக்கணம்

'மனிதர், இடம், பொருள் ஆகியவற்றின் பெயர் நவுன். செயலைக் குறிக்கும் சொல் வெர்ப்.' பள்ளியில் நாம் அனைவரும் மனனம் செய்த வரையறை இதுதான். சிறு பிள்ளைக்குத் தொடக்கத்தில் சொல்லிக் கொடுக்க இது போதும். ஆனால் இதையே கடைசி வரை பிடித்துக்கொண்டிருந்தால் ஆற்றின் நடுவில் படகு கவிழ்ந்துவிடும்.

'ஜர்னி' என்பது பயணம். பயணம் ஒரு செயல்தானே? ஆயினும் அச்சொல் பெயர். 'அரைவல்' என்பது வந்து சேர்தல், அதுவும் பெயர். இவ்வளவு ஏன், செயல் என்றே பொருள்படும் 'ஆக்‌ஷன்' என்ற சொல்லும் பெயரே! மறுபுறம் 'நோ' என்றால் அறிந்திருத்தல், 'பிலாங்' என்றால் உரியதாயிருத்தல், 'இஸ்' என்றால் இருக்கிறது. இவற்றில் கையோ காலோ அசைகிற செயல் எங்கே இருக்கிறது? ஆனால் இவை மூன்றும் வினைகள். பொருளை மட்டும் பார்த்துப் பெயரையும் வினையையும் பிரிக்க இயலாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1930களில் வெளிவந்து இன்றும் நம் கடைவீதிகளில் விற்கும் 'ரென் அன்ட் மார்ட்டின்' இலக்கண நூலே இதனை ஒப்புக்கொள்கிறது. ஒரு சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பார்க்காமல் அதன் வகையைச் சொல்ல முடியாது என்று அந்நூல் கூறுகிறது. வரையறையை மனனம் செய்யும் பிள்ளைகள் அந்த வரியைக் கடந்து போய்விடுகிறார்கள் என்பதே வருத்தம்.

தொல்காப்பியரின் அளவுகோல்

இந்தக் குழப்பம் ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. நம் தாய்மொழியில் 'ஓடு' என்று ஒரு சொல் உண்டு. கூரை மேல் இருப்பதும் ஓடு. காலால் ஓடச் சொல்வதும் ஓடு. 'படி' என்றால் ஏறும் படியும் ஆகும், பாடத்தைப் படி என்ற ஏவலும் ஆகும். 'திரி' விளக்கிலும் இருக்கிறது, ஊர் சுற்றுவதிலும் இருக்கிறது. 'கல்' என்பது கருங்கல்லையும் குறிக்கும், கற்றுக்கொள் என்றும் பொருள்படும். இவற்றைக் கேட்டு ஒரு தமிழ்ப் பிள்ளையேனும் திகைத்து நின்றதுண்டா? இல்லை. காரணம் என்ன?

'ஓட்டைப் பிரித்தான்' என்றால் கூரை ஓடு. 'ஓடினான்' என்றால் ஓட்டம். 'படியில் ஏறினாள்' என்றால் பெயர். 'படித்தாள்' என்றால் வினை. பெயராக வரும்போது ஐ, கு, இல் போன்ற வேற்றுமை உருபுகளை அச்சொல் ஏற்கிறது. வினையாக வரும்போது காலத்தைக் காட்டுகிறது. தொல்காப்பியர் தம் சொல்லதிகாரத்தின் வினையியலில் வினைக்குச் சொல்லும் இலக்கணமும் இதுவே: அது வேற்றுமையை ஏற்காது, காலத்தோடு தோன்றும். இங்கே 'செயலைக் குறிப்பது வினை' என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அச்சொல்லோடு எது ஒட்டும், எது ஒட்டாது என்று பார்க்கச் சொல்கிறார். பொருளைவிட ஒட்டையே அளவுகோலாகக் கொண்ட அந்தப் பேரறிவை எண்ணி நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

நஹ்வு சொல்லும் அடையாளங்கள்

இனி நம் மதரஸாவுக்குள் வருவோம். ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் பஸரா நகரில் வாழ்ந்த பாரசீக அறிஞர் ஸீபவைஹி, அரபு இலக்கணத்தின் தாய்நூல் எனப் போற்றப்படும் தமது 'அல்கிதாப்' நூலைச் சொற்பாகுபாட்டிலிருந்துதான் தொடங்குகிறார். சொல் மூன்று வகை: இஸ்மு, ஃபிஅல், ஹர்ஃபு. அதாவது பெயர், வினை, இவ்விரண்டும் அல்லாத இடைச்சொல்.

மொராக்கோவின் ஃபாஸ் நகரத்தைச் சேர்ந்தவரும் கி.பி. 1323இல் மறைந்தவருமான இப்னு ஆஜுர்ரூம் எழுதிய 'ஆஜுர்ரூமிய்யா' என்ற சிறு நூலை நஹ்வு பயின்றவர்கள் அறிவார்கள். இஸ்மை எப்படி அடையாளம் காண்பது என்று அவர் சொல்கிறார். முன்னால் அலிஃப்-லாம் வந்தால் இஸ்மு. இறுதியில் தன்வீன் வந்தால் இஸ்மு. ஃபீ, மின், அலா போன்ற ஹர்ஃபு ஜர்ரு முன்வந்தால் இஸ்மு. ஃபிஅலுக்கும் அப்படியே அடையாளங்கள் தருகிறார். 'கத்' முன்னால் வந்தால் ஃபிஅல். வருங்காலம் காட்டும் 'ஸவ்ஃப' வந்தால் ஃபிஅல். இரண்டு வகை அடையாளங்களையும் ஏற்காதது ஹர்ஃபு. எவ்வளவு எளிமை, பார்த்தீர்களா! தமிழும் அரபும் ஒரே குடும்பத்து மொழிகள் அல்ல. ஆனால் இரு மொழிப் பேரறிஞர்களும் ஒரே வாசலில் வந்து நிற்கிறார்கள்.

இந்த அடையாளங்களை ஆங்கிலத்தின் மேல் வைத்துப் பாருங்கள். அரபியில் அலிஃப்-லாம் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் 'தி' செய்கிறது. 'ஃபீ' இருந்த இடத்தில் 'இன்' இருக்கிறது. 'மின்' இருந்த இடத்தில் 'ஃப்ரம்', 'அலா' இருந்த இடத்தில் 'ஆன்'. 'ஸவ்ஃப' இருந்த இடத்தில் 'வில்'. ஆகவே நஹ்வு படித்த ஒரு தாய் தன் பிள்ளைக்கு இப்படிச் சொல்லலாம்: 'தி, எ, மை, ஹிஸ் ஆகியவற்றுக்கோ இன், ஆன், ஃப்ரம் ஆகியவற்றுக்கோ பின்னால் வந்து நிற்பது இஸ்மு. வில், கேன், மஸ்ட் ஆகியவற்றுக்குப் பின்னால் வருவது ஃபிஅல்.' இடையில் 'பிக்', 'ஓல்ட்' போன்ற அடைமொழி ஒன்று நுழையலாம். அதைத் தாண்டிப் பார்த்தால் பெயர் தெரிந்துவிடும்.

நம் ஊர்ப் பொருள்களைக் கொண்டே இதனைச் சோதிப்போம். ராஜபாளையம் நாய் ஊரறிந்த வேட்டை நாய். 2005இல் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாயினங்களுக்கு வெளியிட்ட தபால்தலைகளில் அதற்கும் இடம் கிடைத்தது. 'டாக்' என்றால் நாய் என்று பால்வாடிப் பிள்ளையும் சொல்லும். ஆனால் 'பேட் லக் டாக்ட் ஹிம்' என்று ஒரு வாக்கியம் வருகிறது. 'டாக்' என்பதோடு இறந்தகால 'எட்' ஒட்டியிருக்கிறது. காலம் காட்டினால் வினை என்றார் அல்லவா தொல்காப்பியர்? எனவே இது வினை. வேட்டை நாய் முயலைத் தொடர்வதுபோல் துரதிர்ஷ்டம் அவனை விடாமல் துரத்தியது என்பது பொருள்.

ஸ்ரீவில்லிபுத்தூரை நெருங்கும்போது அவ்வூர்க் கோவிலின் பதினொரு நிலைக் கோபுரம் தொலைவிலேயே கண்ணில் படும். 'தி டவர் டவர்ஸ் ஓவர் தி டவுன்' என்று எழுதினால் ஆங்கிலத்தில் பிழையில்லை. முதல் 'டவர்' முன்னே 'தி' வந்ததால் பெயர். இரண்டாவது 'டவர்ஸ்' என்ன செய்கிறது? ஓங்கி நிற்கிறது. அது வினை.

2019இல் புவிசார் குறியீடு பெற்ற அவ்வூர்ப் பால்கோவாவின் செய்முறையை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் இன்னும் வேடிக்கை. 'ஹீட் தி மில்க்' என்று தொடங்கும். 'கூல் தி மிக்ஸ்சர்' என்று போகும். 'வெய் தி ஷுகர்' என்பதில் ஐயமில்லை. ஆனால் 'ஹீட்' என்றால் வெப்பம் என்று படித்த பிள்ளை, 'வெப்பம் அந்தப் பால்' என்று மயங்கும். சமையல் குறிப்புகளில், மருந்துச் சீட்டுகளில், எந்திரங்களின் மேல் ஒட்டிய அறிவிப்புகளில் எல்லாம் வாக்கியம் பெரும்பாலும் ஏவலில்தான் தொடங்கும். முதற்சொல்லுக்கு முன் எதுவுமில்லை, அதன் பின் 'தி' வருகிறது என்றால் அந்த முதற்சொல் பெரும்பாலும் வினையே. மருந்து அட்டையில் 'ஸ்டோர் இன் எ கூல் பிளேஸ்' என்று இருப்பதைக் கடை என்று எண்ண வேண்டாம். குளிர்ந்த இடத்தில் வைத்திரு என்கிறது அது. புண்ணுக்கு 'டிரெஸ் தி வூண்ட்' என்றால் ஆடை அல்ல. மருந்திட்டுக் கட்டு என்று பொருள்.

ஆங்கிலம் ஏன் இப்படி ஆயிற்று?

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலம் இப்படி இல்லை. அன்று அன்பு என்ற பெயருக்கு 'லுஃபு' என்று ஒரு வடிவம், அன்பு செய்தல் என்ற வினைக்கு 'லுஃபியன்' என்று வேறொரு வடிவம் இருந்தது. நம் மொழியைப்போலவே சொல்லின் இறுதி, அதன் வகையைக் காட்டிக் கொடுத்தது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றதை ஒட்டிய நூற்றாண்டுகளில் அந்த இறுதிகள் தேய்ந்து உதிர்ந்தன. எஞ்சியது 'லவ்' என்ற ஒரே சொல். அதுவே அன்பு, அதுவே அன்பு செய். ஒட்டு போன பிறகு அடையாளம் காட்ட வேறு எது உண்டு? சொல் நிற்கும் இடம்தான். தமிழில் 'பாம்பைக் கீரி கடித்தது' என்றாலும், 'கீரி பாம்பைக் கடித்தது' என்றாலும் பொருள் மாறாது. ஐ உருபு காத்து நிற்கிறது. ஆங்கிலத்தில் இடம் மாறினால் கடித்தவன் கடிபட்டவன் ஆகிவிடுவான்.

இன்னொரு வேறுபாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். இதுதான் அந்தச் செவிலிய மாணவிக்கு உதவியது. 'அவர் என் ஆசிரியர்' என்று தமிழில் சொன்னால் வாக்கியம் முடிந்துவிடுகிறது. அதில் வினைமுற்று இல்லை. 'ஸைதுன் ஆலிமுன்' என்று அரபியில் சொன்னாலும் அப்படியே. அதை ஜும்லா இஸ்மிய்யா என்கிறோம். ஆங்கிலம் இதற்கு உடன்படாது. அங்கே 'இஸ்' என்ற வினை வந்தே தீர வேண்டும். நம் பிள்ளைகள் 'ஹி மை டீச்சர்' என்று எழுதி மதிப்பெண் இழப்பது இதனால்தான். முழு ஆங்கில வாக்கியத்தில் வினை ஒன்றேனும் இருக்கும் என்று தெரிந்துவிட்டால், ஆங்கிலத்தைப் படிக்கும் முறையே மாறிவிடுகிறது. முதலில் வினையைத் தேட வேண்டும்.

அந்த மாணவியிடம் இதைத்தான் கேட்டேன். 'இந்த வரியில் வினை எது?' பேஷன்ட் முன்னே 'தி' இருக்கிறது; அது பெயர். ஃபீவர் முன்னே 'வித்' இருக்கிறது, அதுவும் பெயர். மிச்சம் இருப்பது ஒரே ஒரு சொல். அவள் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, 'அப்படியானால் பிரசென்ட்ஸ்தான் வினையா, உஸ்தாத்?' என்றாள். ஆம். நோயாளி காய்ச்சலோடு வந்திருக்கிறார், காய்ச்சல் அறிகுறி காட்டுகிறார் என்பது மருத்துவ வழக்கு. அடுத்த பக்கத்திலிருந்து அவளே பென்சிலால் வினைகளை அடிக்கோடிடத் தொடங்கினாள். படிப்பை விடவில்லை.

மில் சொற்களும் ஒரு பொல்லாத எழுத்தும்

1936இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கப்பட்ட காலம் முதல் நூற்பாலை இவ்வூரின் உயிர்நாடி. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களும் 'கார்டிங்', 'ஸ்பின்னிங்', 'வைண்டிங்' என்று பேசுவார்கள். இலக்கணப் பாடத்திற்கு இதைவிட நல்ல கரும்பலகை வேண்டுமா?

'ஸ்பின்' என்பது நூற்றல். 'ஷி ஸ்பன் தி காட்டன்' என்றால் நூற்றாள்; காலம் தெரிவதால் வினை. 'ஸ்பின்னர்' என்றால் நூற்பவர். தமிழில் இதனை வினையாலணையும் பெயர் என்போம். அரபியில் இஸ்மு ஃபாஇல். பெயரிலேயே 'இஸ்மு' இருக்கிறது, பாருங்கள். முஅல்லிம், காதிப் என்று நாம் அன்றாடம் சொல்பவை இவ்வகையே. 'ஸ்பின்னிங்' என்பதுதான் சற்றுச் சிக்கல். 'ஸ்பின்னிங் இஸ் ஹார்ட் வொர்க்' என்றால் அது தொழிற்பெயர், அரபியில் மஸ்தர். 'ஷி இஸ் ஸ்பின்னிங்' என்றால் முன்னே வரும் 'இஸ்' அதனை வினையோடு சேர்த்துக்கொள்கிறது.

நம் தமிழிலும் 'நூல்' என்ற ஒரே வேர் இரண்டு வேலையும் பார்க்கிறது. கையில் இருப்பது நூல். நூற்றான் என்ற வினைக்கு அடியும் நூல். அரபியிலும் 'கஸ்ல்' என்ற சொல் நூற்பதையும் குறிக்கும், நூற்ற நூலையும் குறிக்கும். உறுதியாக நூற்றதைப் பின்னர் பிரித்துப் போட்ட பெண்ணின் உவமை அந்நஹ்ல் அத்தியாயத்தில் வருகிறதே, அங்கே வருவது இச்சொல்தான்.

'வைண்டிங்' என்ற சொல்லில் வேறொரு கண்ணி இருக்கிறது. ஏட்டில் காற்றுக்கும் நூல் சுற்றுவதற்கும் ஒரே எழுத்துகள்தான். காற்று என்றால் 'விண்ட்' என்றும், சுற்று என்றால் 'வைண்ட்' என்றும் படிக்க வேண்டும். இவை ஒரு சொல்லின் இரு வடிவங்கள் அல்ல. தொடர்பே இல்லாத இரண்டு சொற்கள் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டிருக்கின்றன.

இனிப் பொல்லாத எழுத்துக்கு வருகிறேன். அதுதான் 'எஸ்'. பெயரின் இறுதியில் ஒட்டினால் பன்மை. வினையின் இறுதியில் ஒட்டினால் செய்பவர் ஒருவர் அல்லது செய்வது ஒன்று. நேர் எதிர்! 'தி டாக்ஸ் பார்க்' என்றால் நாய்கள் பல. 'தி டாக் பார்க்ஸ்' என்றால் நாய் ஒன்று. இரண்டு இடத்திலும் எஸ் போட்டு 'தி டாக்ஸ் பார்க்ஸ்' என்று எழுதுவது நம் பிள்ளைகளின் வழக்கமான பிழை. இத்தகைய எளிய வாக்கியங்களில் ஓர் இடத்தில் எஸ் வந்தால் மற்ற இடத்தில் வராது என்று சொல்லிக் கொடுங்கள்.

'செய்' என்னும் துணைவன்

பிள்ளைகளின் ஆங்கிலப் பிழைகளைத் திருத்தும்போது ஒன்றைக் கண்டேன். நம் வீடுகளில் புழங்கும் அரபுச் சொற்களை எண்ணிப் பாருங்கள். துஆ செய்தார், ஒளூ செய்தார், ஹஜ் செய்தார், வக்ஃபு செய்தார், ஸக்காத் கொடுத்தார், வஃபாத் ஆனார். துஆவை நேரே வினையாக்கி 'துஆத்தார்' என்று நாம் ஒருபோதும் சொல்வதில்லை. பிறமொழிச் சொல் எதுவானாலும் தமிழ் பொதுவாக அதைப் பெயராகவே வாங்கி, செய், கொடு, ஆகு, பண்ணு என்று தன் வினை ஒன்றைத் துணைக்கு அனுப்புகிறது. ஆங்கிலச் சொற்களுக்கும் அதே விருந்தோம்பல்தான். அட்ஜஸ்ட் பண்ணு, டிஸ்கஸ் பண்ணு, வெயிட் பண்ணு. ஆங்கிலத்தில் இவை வினைகள். நம் நாவுக்கு வரும்போது பெயர்களாகிவிடுகின்றன.

மொழிக்கு இதனால் குறையொன்றுமில்லை. ஆனால் ஆங்கிலம் எழுத உட்காரும் பிள்ளையின் மனத்தில் 'டிஸ்கஸ்' ஒரு பெயராகவே படிந்திருக்கிறது. ஆகவே 'வி ஆர் டிஸ்கஸ்' என்றும், 'ஹி இஸ் வெயிட்' என்றும் எழுதிவிடுகிறது. பிழையைச் சிவப்பு மையால் அடிப்பதைக் காட்டிலும், 'ஆங்கிலத்தில் இதற்குப் பண்ணு தேவையில்லை; இதுவே வினை' என்று ஒருமுறை விளக்கினால் போதும். அடிப்பதைவிட அதிகப் பயன் கிடைக்கும் என்பது என் அனுபவம்.

மக்தபில் கற்ற ஒலி

அரபு எழுத்துகளைச் சிறுவயதிலேயே மக்ரஜ் பிசகாமல் ஓதப் பழகிய நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் ஒரு தனி வசதி உண்டு. அதைப் பயன்படுத்தாமல் வைத்திருக்கிறோம்.

'யூஸ்' என்ற சொல் பெயராகவும் வரும், வினையாகவும் வரும். எழுத்து ஒன்றே; ஒலி வேறு. பயன் என்ற பெயரானால் இறுதியில் ஸீனின் ஒலி. பயன்படுத்து என்ற வினையானால் ராவின் தலைமேல் ஒரு புள்ளி வைத்த ஸாயின் ஒலி. தமிழ் எழுத்தில் இவ்விரண்டையும் பிரித்துக் காட்ட வழியில்லை. ஆனால் ஸீனையும் ஸாயையும் குழப்பினால் உஸ்தாதிடம் திருத்தம் வாங்கிய பிள்ளைக்கு இது மிக எளிது. வீடு என்னும் 'ஹவுஸ்' ஸீனில் முடியும். குடியமர்த்து என்னும் 'ஹவுஸ்' ஸாயில் முடியும். அறிவுரை என்னும் 'அட்வைஸ்' ஸீன், அறிவுரை கூறு என்பது ஸாய். இங்கே எழுத்தும் மாறும், பெயருக்கு 'சி', வினைக்கு 'எஸ்'.

மூச்சு என்னும் 'பிரெத்' மூன்று புள்ளி வைத்த ஸாவின் ஒலியில் முடிகிறது. மூச்சு விடு என்னும் 'பிரீத்' ஒரு புள்ளி வைத்த தாலின் ஒலியில் முடிகிறது. துணி என்னும் 'கிளாத்', உடுத்து என்னும் 'கிளோத்' இவையும் அவ்வாறே. மேற்கண்ட சொற்களிலெல்லாம் பெயர் மூச்சொலியில் முடிய, வினை அதிர்வொலியில் முடிகிறது என்பதைக் கவனியுங்கள்.

அசையழுத்தமும் ஓரளவு உதவும். 'ரெக்கார்ட்', 'பெர்மிட்', 'இம்போர்ட்', 'பிரசென்ட்' போன்ற ஈரசைச் சொற்களில் பெயரானால் முதல் அசையையும், வினையானால் இரண்டாம் அசையையும் அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லாச் சொற்களுக்கும் இது பொருந்தாது. 'ரிப்போர்ட்', 'கன்ட்ரோல்' ஆகியவை எப்போதும் ஒரே அழுத்தம்தான்.

வீட்டில் செய்ய வேண்டியது

தாய்மார்களே! இதற்கெல்லாம் ஆங்கிலப் பட்டம் தேவையில்லை. வேற்றுமை உருபையும் காலங்காட்டும் இடைநிலையையும் பள்ளியில் படித்தவர்கள் நீங்கள். நஹ்வு ஓதிய ஆலிமாக்களும் உங்களில் பலர். மஃரிபுக்குப் பிறகு பிள்ளையின் ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பொருள் கேட்க வேண்டாம். ஒவ்வொரு வாக்கியத்திலும் வினையை மட்டும் வட்டமிடச் சொல்லுங்கள். ஐயம் வந்தால் அந்தச் சொல்லுக்கு முன் 'தி' போட்டுப் பார்க்கட்டும். பிறகு 'வில்' போட்டுப் பார்க்கட்டும். அந்த வாக்கியத்தில் எது பொருந்துகிறதோ அதுவே விடை. மருந்துப் பெட்டி, பிஸ்கட் உறை, துணியில் தைத்த 'டூ நாட் அயர்ன்' சீட்டு, எல்லாமே பாடநூல்தான்.

'டு' என்ற சொல்லிடம் மட்டும் சற்று எச்சரிக்கையாக இருங்கள். அது பெயருக்கு முன்னும் வரும், வினைக்கு முன்னும் வரும். 'கோ டு மெட்ராஸ்' என்றால் 'இலா' போன்ற ஹர்ஃபு ஜர்ரு. 'ஐ வான்ட் டு ரீட்' என்றால் வினைக்கு முன் நிற்கும் 'அன்' போன்றது. பின்னால் 'தி' நுழைய இடம் கொடுத்தால் பெயர், கொடுக்காவிட்டால் வினை என்று பார்த்துக்கொள்ளலாம். 'ஐ கோ டு வொர்க்' என்று ஒரு வாக்கியம் உண்டு. வேலைக்குப் போகிறேன் என்று சொன்னால் 'வொர்க்' பெயர். வேலை செய்யப் போகிறேன் என்று சொன்னால் வினை. எது சரி என்று பிள்ளை கேட்டால் இரண்டும் பொருந்தும் என்றே சொல்லுங்கள். நூற்பாலைச் சங்கு ஊதியதும் சைக்கிளை எடுக்கும் தொழிலாளிக்கு அதனால் வித்தியாசம் ஒன்றுமில்லை.